பழகிப்போன விளக்கு

பேழையைத் திறப்பதற்கு முன் எப்சிபா கண்களை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் சொல்வாள். "ஆண்டவரே, அவிய நல்லா இருக்கணும்" என்பதுதான் முழு ஜெபமும். பெயர் தெரியாத ஒருவருக்காக அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடியில் கை வைத்ததும் உள்ளே வெளிச்சம் பரவும். கழுத்து முதல் இடுப்பு வரை, தோல் இல்லாமல், ஒரு பெண்ணின் உடல் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும். இதயம் துடிக்கும். நுரையீரல் விரிந்து சுருங்கும். இரைப்பை மெல்லப் புரளும். அத்தனையும் அந்த நொடியில், தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையில் உயிரோடு இருக்கும் ஒருத்திக்குள் நடந்துகொண்டிருப்பவை.

முன்பெல்லாம் மாணவர்கள் இறந்த உடலை அறுத்துப் படித்தார்கள். அதில் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பது தெரியும். அது என்ன செய்கிறது என்பது தெரியாது. இப்போது மனமுவந்து முன்வருகிறவர்களின் இரத்தத்தில் நுண்மணிகளை விடுகிறார்கள். அவை உள்ளே நடப்பதையெல்லாம் கல்லூரிக்கு அனுப்புகின்றன. ஒரு மாணவருக்கு ஓர் உடல், ஓராண்டுக்கு. பெயர், ஊர், முகம், குரல் எதுவும் கிடையாது. அவற்றைத் தேடுவது குற்றம்.

கிருஷ்ணகிரிக்கு வெளியே, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது அந்தக் கல்லூரி. சக மாணவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே, கண்களில் கருவியை மாட்டிக்கொண்டு படித்தார்கள். எப்சிபாவுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. சாயர்புரத்தில் அண்ணனின் இரண்டு அறை வீட்டில் அண்ணி, குழந்தைகள், தையல் இயந்திரம் எல்லாம் போக அவள் படிக்க இடம் கிடையாது. அதனால் விடுதிக்கு வந்தாள். நூற்றுக்கணக்கானோருக்காகக் கட்டிய விடுதியில் மாடிக்கு ஒருவர்போல இருந்தார்கள். உணவுக்கூடத்தில் பொத்தானை அழுத்தினால் ஒரு துவாரத்தின் வழியே சாப்பாட்டுப் பெட்டி வரும். பரிமாற ஆள் கிடையாது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சொல்லவும் ஆள் கிடையாது. முதல் வாரத்திலேயே அவளுக்கு அந்தக் கூடம் பிடிக்காமல் போயிற்று. மதியம் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்து பேழையைத் திறந்துகொள்வாள்.

அங்கேயாவது ஒருவர் இருந்தார்.

முதலில் இடுப்பெலும்பைப் பார்த்தாள். பிள்ளை பெற்ற இடுப்பு. விலா எலும்பு ஒன்று எப்போதோ முறிந்து கூடியிருந்தது. எலும்பின் அடர்த்தியைப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும். மற்ற மாணவர்கள் தங்களுக்குக் கிடைத்த உடல்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஆம்பூரிலிருந்து படித்த இர்ஃபானுக்கு வாய்த்த உடல் எந்நேரமும் எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் அவருக்கு 'வடை மாஸ்டர்' என்று பெயர். எப்சிபாவுக்குப் பட்டப்பெயர் வைக்க மனம் வரவில்லை. ஊர்ப் பேச்சில் மரியாதையாக 'அவிய' என்றே சொன்னாள்.

அவள் கவனித்த முதல் விசித்திரம் இதயம். பேழையைத் திறந்ததும் அது எகிறும். எழுபதில் இருக்க வேண்டிய துடிப்பு நூறைத் தாண்டிப் போய், சற்று நேரத்தில் மெல்ல இறங்கும். கூடவே சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி தன் சாற்றைக் கொட்டும். மூச்சு குட்டையாகும். பாடத்தில் 'அச்சம்' என்ற தலைப்பின் கீழ் படித்த அத்தனையும் ஒன்றுவிடாமல் அங்கே நடந்தன.

"தினம் மத்தியானம் இப்பிடித்தாம்ல ஆகுது" என்று திரையில் தெரிந்த இர்ஃபானிடம் சொன்னாள். "அந்த நேரத்துக்கு வீட்டுக்கு யாரோ வாராவ. அவிய பயப்படுதாவ. அடிக்கிற புருசனா இருக்குமோ?"

"நீ சீரியல் நிறைய பாக்குற எப்சி."

"விலா எலும்பு முறிஞ்சிருக்குல்லா?"

இர்ஃபான் சிரிப்பை நிறுத்தினான். "அப்படின்னா ஒண்ணு பண்ணு. வேற டைம்ல தொறந்து பாரு. அந்த ஆளு இல்லாத நேரத்துல நார்மலா இருக்கணும் இல்ல?"

மறுநாள் காலையிலேயே திறந்தாள். அப்போதும் எகிறியது. மாலையில் திறந்தாள். அப்போதும் அப்படியே. வருகிறவன் எவனும் இல்லை என்று கொஞ்சம் நிம்மதி. உடனே வேறொரு கவலை வந்தது. அந்தச் சுரப்பியில் கட்டி இருந்தால் இப்படித்தான் காரணமில்லாமல் எகிறும் என்று பாடத்தில் இருந்தது.

பேராசிரியர் மங்கையர்க்கரசியிடம் போய் நின்றாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டி எதுவும் இல்லியேம்மா. சுரப்பி சுத்தமா இருக்கு."

"அப்புறம் ஏன் மேடம் இப்படித் துடிக்குது?"

"துடிக்குதுன்னு உடம்பு சொல்லும். எதுக்குன்னு சொல்லாது. பயந்தாலும் இதே துடிப்புதான், சந்தோஷப்பட்டாலும் இதே துடிப்புதான். காரணத்தை நீ கண்டுபிடி. இன்னும் ஒரு வாரத்துல கண்டுபிடிக்கலைன்னா நோய்னு எழுதி மேல அனுப்பிடுவேன். அவங்களைக் கூப்பிட்டு எல்லா டெஸ்ட்டும் எடுப்பாங்க."

அன்று இரவு இர்ஃபானிடம் புலம்பினாள். அவன் பிரியாணி தின்றுகொண்டே கேட்டான்.

"நீ பாக்காத நேரத்துல அந்தம்மாவுக்கு எப்படி துடிக்குதாம்?"

"பாக்காத நேரத்துல எப்பிடித் தெரியும்? நாம திறந்தாத்தான பதிவாகும்?"

"அதான் கேக்குறேன். எங்க மாமு ஒருத்தர் இந்த நுண்மணியை ஏத்திக்கிட்டிருக்காரு. கையில ஒரு காப்பு குடுத்திருக்காங்க. எவனாவது காலேஜ்ல தொறந்தா அதுல பச்சை லைட் எரியும். பாக்குறாங்கன்னு தெரியணுமாம், சட்டம். லைட் எரிஞ்சா போதும், மாமு சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டு நிமிந்து உக்காருவாரு. 'உள்ளதான் மாமு பாக்குறான், சட்டையை இல்ல'ன்னா கேக்க மாட்டாரு."

எப்சிபா சிரிக்கவில்லை. மாணவர்கள் யாருக்கும் அது தோன்றியதே இல்லை. அவர்கள் பார்க்கப்படாத ஓர் உடலை ஒருபோதும் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். இதயத்தை விட்டுவிட்டு இந்த முறை இரைப்பையைப் பார்த்தாள். திறக்கும்போதெல்லாம் அது காலியாகக் கிடந்தது. இதயம் எகிறி இறங்கியதும் இரைப்பையின் சுவரில் சாறு ஊறியது. சற்று நேரத்தில் தொண்டை அசைந்தது. ஒரு கவளம் இறங்கியது. பிறகு இன்னொன்று. அவசரமே இல்லாமல், நடுநடுவே ஓய்வு விட்டு, விருந்தாளியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் போல.

எந்த மதியத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. விளக்கு எரிந்த பிறகுதான் முதல் கவளம்.

ஈஸ்டருக்கு ஊருக்குப் போய்விட்டு அவள் திரும்பிய நாளின் பதிவும் இருந்தது. அன்று ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரை வற்றியிருந்தது. அந்தப் பெண் அந்த நாட்களில் எதையோ கொறித்துப் பொழுதைப் போக்கியிருக்கிறாள். அன்று இதயம் எப்போதையும்விட அதிகமாக எகிறியிருந்தது. அதை ஒரு சுவாரசியமான உதாரணம் என்று வகுப்பில் எல்லோருக்கும் காட்டியதை எண்ணியபோது எப்சிபாவுக்கு முகம் சுட்டது.

அடுத்த நாள் உணவுக்கூடத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு நேராக ஆய்வகத்துக்கு வந்தாள். அங்கே சாப்பிடக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருந்தது. ஜெபம் சொன்னாள். பேழையைத் திறந்தாள். அந்தத் தொண்டை அசைந்தபோது இவளும் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். அவர் விழுங்கும்போது விழுங்கினாள். அவர் நிறுத்தினால் நிறுத்தினாள். "இன்னைக்கு எங்களுக்குப் புளிச்சோறு. ஒங்களுக்கு என்ன?" என்று கண்ணாடியிடம் கேட்டாள். பதில் வராது என்பது தெரியும். தினமும் அப்படியே சாப்பிட்டாள். வீட்டை விட்டு வந்த பிறகு அவளுக்குச் சாப்பாடு ருசித்தது அந்த நாட்களில்தான்.

வாரம் முடிவதற்குள் பேராசிரியர் ஒரு மதியம் உள்ளே வந்துவிட்டார்.

"லேப்ல என்ன வாசனை? கருவாடா?"

எப்சிபா எழுந்து நின்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மங்கையர்க்கரசி பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்த இரைப்பை நிறைவதைக் கடைசிவரை பார்த்தார்.

"விதி என்னன்னு தெரியுமா உனக்கு?" என்றார். "பாக்கறப்ப மாறுற உடம்பு பாடத்துக்கு ஆகாது. நீக்கிடுவாங்க. காப்பைக் கழட்டிடுவாங்க."

"மேடம், கழட்டினா அவங்க சாப்பிட மாட்டாங்க."

"நான் எழுதலைன்னே வச்சுக்க. பரீட்சைக்கு வெளியிலேர்ந்து ஆள் வருவாங்க. திறந்ததும் துடிப்பு நூறு காட்டினா அவரே எழுதுவாரு. அதுலயும் தப்பிச்சிட்டாங்கன்னு வை, நீ பாஸ் பண்ணிட்டுப் போயிடுவ. அடுத்து வர்ற பையன் சாயங்காலம் திறப்பான். ஒரு வாரம் திறக்கவே மாட்டான். அப்ப இந்தம்மா எப்ப சாப்பிடுவாங்க?"

எப்சிபா பேழையைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருன்னு கண்டுபிடிச்சுப் போய்ப் பாக்க முடியாதா மேடம்?"

"எனக்கே தெரியாதும்மா. தெரியக் கூடாதுன்னுதான் வச்சிருக்காங்க." அவர் குரல் தணிந்தது. "பழகிப்போறதுன்னு ஒரு பாடம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ரயில் பாதை அருகே குடிவந்தவர்களுக்கு முதல் சில நாட்கள்தான் தூக்கம் கெடும். ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டு, அதனால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்றானால், உடல் அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும்.

"அந்த விளக்கு அவங்களுக்குத் தெருவிளக்கு மாதிரி ஆகணும்" என்றார் பேராசிரியர். "எரியும், அணையும். அதுக்காக யாரும் இலை போட மாட்டாங்க. பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு. நேரம் காலம் பாக்காம திற, உடனே மூடு. திரும்பத் திற. சாப்பாட்டு நேரத்துல மட்டும் திறக்காதே."

"அவங்களுக்கு நான் ஒண்ணுமே இல்லைன்னு ஆக்கச் சொல்றீங்களா மேடம்?"

மங்கையர்க்கரசி எழுந்து முக்காலியை ஓரமாகத் தள்ளினார். "கருவாட்டை மூடி வை, ஏசி முழுக்க அடிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் சில நாட்கள் கொடுமையாக இருந்தன. விடியற்காலையில் திறந்தாள், மூடினாள். வகுப்புக்கு நடுவே ஓடிவந்து திறந்தாள், மூடினாள். ஒவ்வொரு முறையும் அந்த இதயம் நம்பிக்கையோடு எகிறியது. ஒருமுறை மாலையில் திறந்தபோது அந்தப் பெண் சாப்பிடத் தொடங்கிவிட்டாள். முதல் கவளம் உணவுக்குழாயில் பாதி தூரம் வந்திருந்தபோது எப்சிபா மூட வேண்டியிருந்தது. மூடிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதாள். திரும்பி வந்து திறந்தபோது அந்த ஒரு கவளம் மட்டும் இரைப்பையில் தனியாகக் கிடந்தது.

"விட்டுடு எப்சி" என்றான் இர்ஃபான். "இது ரொம்பப் பாவம்."

"விட்டா காப்பைக் கழட்டிருவாவ. விளக்கு ஒரேயடியா போயிரும்."

"இப்ப மட்டும் இன்னா இருக்கப்போவுது? எரிஞ்சும் எரியாத மாதிரிதானே?"

"எரியும்லா" என்றாள் எப்சிபா.

அவளுடைய ஜெபம் அந்த மாதத்தில் மாறியது. "ஆண்டவரே, அவிய என்னை மறக்கணும்" என்று கேட்டாள். அப்படி ஒரு வரத்தைக் கேட்பது சுலபமில்லை. பாதியில் நாக்கு தடுக்கும். ஆனாலும் பசித்த ஒருவர் தன் பசிக்கே சாப்பிடுவது நல்லது, இன்னொருவரின் வருகைக்காகக் காத்திருப்பது நல்லதல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாம் நேசிக்கிறவர்களுக்கு நாம் தேவைப்படாமல் போகும்படி உழைப்பதும் ஒரு நேசம்தான். அதற்கு நன்றி சொல்ல ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

மதிய வேளைகளில் உணவுக்கூடத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் ஒருநாள் அழைத்து, "சாப்ட்டியா?" என்றான். "சாப்ட்டேன்" என்றாள். "சரி வச்சிருதேன், கடையில ஆள் நிக்கு" என்றான்.

மெல்ல மெல்ல எண் இறங்கியது. நூறு தொண்ணூறாயிற்று, பிறகு எண்பதாயிற்று. ஒரு நாள் பிற்பகல் திறந்தபோது இரைப்பையில் சோறு அரைபட்டுக்கொண்டிருந்தது. விளக்கு எரியாமலே அந்தப் பெண் மதியம் சாப்பிட்டிருந்தாள். எப்சிபா கண்ணாடியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். பிறகு துடிப்பைப் பார்த்தாள். இதயம் எழுபத்திரண்டில் நின்றது. இவள் வந்ததை அது கவனிக்கவில்லை.

தேர்வு நாளன்று வெளித் தேர்வாளராக வந்தவர் இளைஞர். அடுத்த கல்லூரிக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். மங்கையர்க்கரசி ஓரமாக நின்றார். அன்று எப்சிபா ஜெபம் சொல்லாமலே கண்ணாடியில் கை வைத்தாள். நினைவே வரவில்லை.

இதயம் எழுபதில் தொடங்கி எழுபதிலேயே நின்றது. தேர்வாளர் கொஞ்ச நேரம் துடிப்பையே பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் எப்சிபாவுக்கு மிக நீளமாக இருந்தது.

"ம். சொல்லுங்க. இந்த உடம்புல நீங்க கண்ட ஒரு விஷயம்."

ஈரலைப் பற்றிச் சொன்னாள். கிடைக்கும் நாளில் அது சர்க்கரையை எடுத்து வைப்பதையும், யாரும் கொடுக்காத நாளில் தன்னிடம் இருப்பதை ஒரேயடியாகத் தீர்த்துவிடாமல், மூளைக்கு மட்டும் குறைவில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுப்பதையும் சொன்னாள். சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்.

"நல்லா சொல்றீங்க. பயப்படாதீங்க, பாஸ்தான். அமைதியான உடம்பு. அடுத்த வருஷத்துக்கும் இதையே வச்சுக்கலாம் மேடம்." அவர் எழுந்தார். "முழு உடம்பையும் ஒருமுறை திறந்து காட்டிடுங்க, விதிப்படி பாத்ததா எழுதணும்."

முதலாண்டு மாணவர்களுக்கு நெஞ்சும் வயிறும்தான் பாடம். கைகளும் கால்களும் அடுத்த ஆண்டு வரும். அதனால் அந்தப் பெண்ணின் கைகளை எப்சிபா அதுவரை பார்த்ததில்லை. பேராசிரியர் பேழையின் சாவியைத் திருப்பினார். தோளிலிருந்து எலும்பும் தசையுமாக இரண்டு கைகள் ஒளியில் நீண்டு வந்தன.

தேர்வாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டு வெளியே போனார்.

எப்சிபா அசையாமல் நின்றாள். அந்தப் பெண்ணின் இடது கை மடியில் இருந்தது. வலது கை அதன் மணிக்கட்டின் மேல், காப்பு இருக்கும் இடத்தில், குவிந்து மூடியிருந்தது. காற்றில் அணைந்துவிடாமல் ஒரு சுடரைப் பொத்தி வைத்திருப்பது போல இருந்தது. கட்டைவிரல் மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. இதயம் எழுபது. மூச்சு சீர். சுரப்பி அமைதி. உள்ளே எதுவும் எதையும் சொல்லவில்லை.

முதல் நாளிலிருந்தே அந்தக் கை அப்படித்தான் இருந்ததா, இன்றைக்குத்தானா என்று அறிய வழியில்லை. கைகள் எந்தப் பதிவிலும் இல்லை.

"மேடம்" என்றாள்.

"பாத்தேன்" என்றார் மங்கையர்க்கரசி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "எல்லாரும் மூடிட்டுப் போயிட்டாங்க. நீயும் மூடணும்."

"இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வச்சுக்கட்டுமா மேடம்?"

"இனிமே என்ன பாக்கணும் உனக்கு?"

"ஒண்ணும் பாக்க வேண்டாம். விளக்கு சும்மா எரியட்டும்."

பேராசிரியர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எப்சிபா முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து, பேழைக்கு எதிரே போடாமல், அதன் பக்கத்தில் போட்டாள். ஒருவர் பக்கத்தில் உட்காருவது போல உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தோப்பில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேழையின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.